மொட்டையடிக்க முடியாத மரம்

வெள்ளிக்கிழமை மூன்று பையன்களுக்கும்
ரோவீனா ஸ்பெல்மன் மொட்டையடித்தாள்.
பள்ளி கொடுத்தனுப்பிய மஞ்சள் சீட்டில்
பேன் என்று எழுதியிருந்தது.
சனிக்கிழமை விடிந்தால் மரத்திலும் பேன்.

மாவட்ட வேளாண் அலுவலகத்தில்
தொலைபேசி எடுக்கிறவன் நான்.
"தலைங்கள மழிச்சுட்டேன்," என்றாள்.
"இருநூறு வயசு ஓக்கை என்ன பண்றது?
மருந்துப் பேர் சொல்லுங்க, போதும்."

டேரியனுக்குத் தெற்கே,
சதுப்பு கடலுக்குள் கால் நீட்டும் இடத்தில் வீடு.
ஜார்ஜியாவின் ஆகஸ்ட்.
காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.
கிளையெல்லாம் நரைத்த பாசி தொங்க
அடிமரத்தில், என் மார்பு உயரத்தில்,
கைக்குட்டை அகலத்துக்கு ஒரு மந்தை:
சாம்பல் உடம்பில் மஞ்சள் வரி போட்ட குட்டிகள்,
நடுவே, கறுத்து மினுங்கும் இறகுகளைக்
கூரைபோல் சாய்த்து வைத்த பெரியவை நாலைந்து.

ஊதினேன்.
மொத்த மந்தையும் ஒரே விலங்காய்
ஒரு சாண் இடப்பக்கம் நகர்ந்தது.
நடுப்பையன் கோல்பி,
மொட்டையில் சவரக் கீறல் காயாதவன்,
"இன்னொரு தடவ ஊதுங்க," என்றான்.
ரோவீனா மருந்துக் குழாயைக் கீழே வைக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் இதற்கு மரமாடு என்று பெயர்.
பூஞ்சை, பாசி, செத்த பட்டை:
மேய்ச்சல் அவ்வளவுதான்.
மரத்தின் உயிரில் வாய் வைப்பதில்லை.
ஏட்டில் பேரினத்தின் பெயர் செராஸ்டிப்சோகஸ்.
நீண்ட உணர்கொம்புக்குப் பெயரில் ஒரு பாதி,
அரைத்துத் தின்னும் வாய்க்கு மறுபாதி.

அடுத்த மரத்தில் ஆர்க்கிப்சோகஸ் குடியிருந்தால்
பட்டு நூற்று அடிமரத்தையே போர்த்திவிட்டு
உள்ளே ஒளிந்துகொள்ளும்; அது பங்காளி.
பழைய தாள்களுக்கிடையே தட்டையாய் ஓடும்
புத்தகப்பேன் இன்னும் கொஞ்சம் தூரத்துச் சொந்தம்.
அந்தப் புத்தகப்பேனை ஒட்டி,
ஒரே சுவருக்கு அந்தப்புறம்,
நம் தலைப்பேன்.

முன்பு பேன்களுக்கென்று தனி வரிசை இருந்தது.
பேனைப் பெருமாளாக்கிய காலம்.
பிறகு உறவுமுறையை இழை இழையாய்ப் பிரித்துப் பார்த்ததில்
பெருமாள் மீண்டும் பேனானார்;
மரப்பேன்களின் பெரிய வீட்டில்
பின்கட்டு அறைக்காரர்.

மரமாட்டின் தொண்டையில்
கண்ணுக்குத் தெரியாத ஓர் உரலும் உலக்கையும் உண்டு.
அதை வைத்து
ஈரக் காற்றிலிருந்தே நீர் இறக்கிக் குடிக்கும்.
கோல்பியின் காதோரம் குடியிருந்தவளோ
உரலை எப்போதோ தொலைத்தவள்.
இரத்தம் கிடைத்தபின் காற்று எதற்கு?

"அப்ப அதுவும் இதுவும் சொந்தமா?"
ஆமாம் என்றால் மருந்தடிப்பாள்.
இல்லை என்றால் பொய்.
"உங்க குடும்பத்துல ஜெயிலுக்குப் போனவங்க
யாராவது உண்டா?" என்று
கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.

சதுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஒரு கொக்கு எழுந்து போய் வேறிடத்தில் இறங்கியது.
"எங்கண்ணன்," என்றாள். "ட்வைட்."
குழாயை வண்டியின் பின்னால் எறிந்தாள்.

அக்டோபரில் மறுபடி அழைத்தாள்.
பையன்களுக்கு முடி சீவும் அளவுக்கு வளர்ந்துவிட்டதாம்.
பட்டை துடைத்துவிட்டாற்போல் இருக்கிறதாம்.
"ஒண்ணையும் காணோம். எங்க போச்சு எல்லாம்?"
"வளர்ந்தா இறகு வரும்," என்றேன்.
"இறகு வந்தா தனித்தனி."
எதிர்முனையில் ஒரு கதவு சாத்தும் சத்தம்.

படிவத்தில் புகார் என்ற கட்டத்துக்கு நேரே
'மாடுகள் வீடு திரும்பவில்லை' என்று எழுதி
அடித்துவிட்டு
கொஞ்ச நேரம் கழித்து
அதையே மறுபடி எழுதினேன்.