எம்டனில் ஒரு நாற்சந்தி

"அவனா, சரியான எம்டன்" என்கிறோமே,
அந்தச் சொல்லை நமக்குத் தந்தது ஒரு கப்பல்.
கப்பலுக்குப் பெயர் தந்தது இந்த ஊர்.
நேரில் பார்த்தால்
ஈரமான, தாழ்வான, குரல் உயர்த்தாத ஊர்.

திங்கட்கிழமை
நகராட்சி ஊழியர் வீப்கே ஹார்ம்ஸ்
ஏணி சாய்த்து ஏறி
மஞ்சள் சாய்சதுரப் பலகையைக் கழற்றினாள்.
'இது பெரிய தெரு, நீ போய்க்கொண்டே இரு'
என்பது அதன் பொருள்.
முப்பத்தோரு வருடமாக
இந்தத் தெரு வலப்பக்கம் திரும்பிப் பார்த்ததே இல்லை.
பலகையின் முதுகில் குடியிருந்த சிலந்தி
அவள் கையுறையில் ஏறி, யோசித்து,
கம்பத்துக்கே திரும்பிப் போனது.

இனி எந்தத் தெருவுக்கும் பலகை இல்லை.
வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழி விடு,
அவ்வளவுதான் சட்டம்.
வருவது பென்ஸா, பால்காரர் சைக்கிளா
என்று அது கேட்பதில்லை.

வியாழன் காலை, மூடுபனி.
பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.
நான்கு தெருவிலிருந்தும் ஒரே கணத்தில்
ரொட்டிக்கடை வேன்,
சாணம் அப்பிய டிராக்டர்,
கார் ஓட்டப் பழகும் டோம்கே என்ற பெண்,
உள்ளே பெட்டியோடு ஒரு சவ ஊர்தி.

நால்வருக்கும் வலப்பக்கம் ஓர் ஆள் இருந்தார்.
நால்வரும் நின்றார்கள்.
சட்டம் வட்டமாகச் சுற்றி வந்து
தன் வாலைத் தானே கவ்விக்கொண்டது.

ஹாரன் இல்லை.
நீ முந்தி நான் முந்தி என்றே கேட்டு வளர்ந்த காதுக்கு
அது என்னவோ போலிருந்தது.
வைப்பர்கள் மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று
தலையாட்டிக்கொண்டிருந்தன.

பிறகு சவ ஊர்தியின் ஹாபோ ஃபோல்கர்ட்ஸ்
ஸ்டீயரிங்கிலிருந்து நான்கு விரலைத் தூக்கினார்.
தன் இடப்பக்கம் நின்ற பெண்ணுக்கு,
'போம்மா.'
அவளுக்கு எஞ்சின் அணைந்தது.
விரல்கள் இறங்கவில்லை.
மறுபடி கிளப்பி, குலுங்கி, போய்விட்டாள்.

முடிச்சு அவிழ்ந்தது.
அவளுக்காக நின்ற டிராக்டர் போனது.
டிராக்டருக்காக நின்ற ரொட்டி வேன் போனது.
முதலில் விட்டுக்கொடுத்தவர்
கணக்குப்படி கடைசி.
பின்னால் இருந்தவருக்கும் அவசரமில்லை.

ரொட்டி வாசம் கலையாத பனிக்குள்
ஊர்தி மெல்ல நுழைந்தது.
சந்தியில் இப்போது யாருமில்லை.
இருந்தும் ஹாபோ
வலப்பக்கம் ஒருமுறை பார்த்தார்.