பொருந்தவில்லை, தாண்டுகிறேன்

ஆவாரம்பாளையத்தில் ஞாயிறு மாலை.
பம்ப்பு சோதிக்கும் கூடத்தில் தண்ணீர் சும்மா நிற்கிறது.
ஆடிக் காற்று தகரக் கூரையைத்
தூக்கிப் பார்த்துத் தூக்கிப் பார்த்து வைக்கிறது.

பழைய கணினி வெள்ளிக்கிழமை செத்துப்போனது.
புதியது அறுபத்து நாலு பிட், லினக்ஸ்.
அழுத்தமானியை வாசிக்க ஒரே ஒரு லைப்ரரி.
அதைச் செய்த கம்பெனியை இழுத்து மூடிப்
பதினோரு வருஷம்.

கம்பைல் ஆகி, இணைக்கும் இடத்தில்
லிங்கர் இரண்டு வரி எழுதுகிறது.
இன்ன இடத்தில் இன்ன கோப்பு,
பொருந்தவில்லை, தாண்டுகிறேன்.
அதற்குக் கீழே:
கிடைக்கவில்லை.

பார்த்துவிட்டுத்தான் இல்லை என்கிறது.
நான் கீழ்வரியை மட்டும் வாசித்து
மூன்று மணி நேரம் பாதையைத் திருத்தினேன்,
பேரைத் திருத்தினேன்,
அனுமதியெல்லாம் திறந்துவிட்டேன்.

நாச்சிமுத்தண்ணன் வந்து நின்றார்.
"நாளைக்கு நாப்பது மோட்டார் சீல் வெக்கோணுங் அம்மிணி.
அந்த ஃபைலு இருக்குதுங்களா, இல்லீங்களா?"
"இருக்குதுங். ஆனா இல்லைங்குது."
"எம்பட மாமனாரும் நாலு வருஷம்
அப்பிடித்தானுங் சொன்னாரு,"
என்று ஸ்பேனரைத் துடைக்கப் போனார்.

கடைசியில் கோப்பிடமே கேட்டேன்.
அதற்கென்று ஒரு சின்னக் கட்டளை உண்டு.
கோப்பின் ஐந்தாவது பைட்டைத் தொட்டு
நீ என்ன வகுப்பு என்று கேட்கும்.
ஒன்று என்றால் முப்பத்திரண்டு பிட்,
இரண்டு என்றால் அறுபத்து நாலு.
கூச்சமே இல்லாமல் சொன்னது: ஒன்று.

எனக்கு அந்தக் கேள்வி தெரியும்.
பீளமேட்டில் வீடு பார்க்கப் போனபோது
எந்த ஊருங் என்றார்கள். கோபிங்.
கோபியில எங்கீங். கொளப்பலூர் பக்கமுங்.
ஊருக்குள்ளீங்களா, தோட்டத்துலீங்களா.
அப்பா என்ன பண்றாருங்.
ஐந்தாவதாக வந்தது,
"நீங்க என்ன கூட்டமுங்?"
கூட்டம் ஏதும் இல்லாத என் பதிலுக்கு
மேசைமேல் கிடந்த சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்,
"இப்பத்தானுங் வேற ஆளுக்குக் குடுத்தோம்."

லிங்கர்மேல் எனக்கு வருத்தமில்லை.
அதன் முகவரி இதற்குப் பாதி நீளம்.
ஒட்ட வைத்தால் முதல் அழைப்பிலேயே
இரண்டும் விழும்.
அதற்கு ஒரு காரணமாவது இருக்கிறது.

எம் முப்பத்திரண்டு என்று ஒரு கொடி போட்டால்
என் நிரலே பாதியாகச் சுருங்கிக்கொள்ளும்.
அம்மா சொல்வதுபோல,
கேட்டா மண்டைய ஆட்டிட்டுப் போ.
போட்டேன்.
வரைபடத்துக்கும் முப்பத்திரண்டு வேண்டும் என்றது.
தரவுத்தளத்துக்கும். எழுத்துருவுக்கும்.
நான் ஒருத்தி குனிந்தால்
கூட இருப்பவரெல்லாம் குனிய வேண்டும்.
கொடியை எடுத்துவிட்டேன்.

எட்டரைக்கு வேறு மாதிரி எழுதினேன்.
பழையதை எழுப்பிப் பேசவைக்க மட்டும்
தொண்ணூறு வரியில் தனி நிரல், முப்பத்திரண்டிலேயே.
மிச்சமெல்லாம் அறுபத்து நாலில்.
நடுவே ஒரு பைப்.
அது எண்ணைச் சொல்லும், இது வாங்கிக்கொள்ளும்.

எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.
தனித்தனி வீடு. சுவரில் ஒரு ஓட்டை.
இதையும் எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன்.
ஆனால் நாளைக்கு நாற்பது மோட்டார்.

வால்வைத் திறந்தார்.
தரை அதிர்ந்தது, குழாய் இருமியது,
திரையில் எண் நடுங்கி நடுங்கி
மூன்று புள்ளி இரண்டில் நின்றது.
அண்ணன் டார்ச் அடித்து முள்ளைப் பார்த்தார்.
"மூணே காலுக்கு ஒரு நூல் கம்மி. செரிதானுங்."

பிறகு டீ வாங்கி வந்தார், இரண்டும் காகிதக் கப்.
"வீடு அமைஞ்சுதுங்களா?"
இல்லைங் என்றேன்.
"எம்பட மாமனாரு போர்ஷன் ஒண்ணு காலியாக் கெடக்குதுங்."
"கேப்பாருங்களா?"
கப்பின் விளிம்பை ஊதினார்.
"கேப்பாருங்.
பதில் சொல்லோணும்னு இல்லீங்."

பைப்பை மூடும் வரியை
நான் இன்னும் எழுதியிருக்கவில்லை.
தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.