நூற்று எண்பத்தொன்று

தவமணி வீரணன் இந்த வருஷம்
இந்தியாவில் இருந்த நாட்களை
நான்தான் எண்ணி வைக்கிறேன்.
ஆடிட்டர் லஜபதி ஆபீஸ், மாடி.
கீழே பாத்திரக்கடை.
பேர் வெட்டும் மெஷின் நாள் முழுக்க
டுர்ர்ரென்று புள்ளி புள்ளியாய்
யாருடைய கல்யாணத்தையோ
எவர்சில்வரில் கொத்திக்கொண்டிருக்கும்.
அந்தச் சத்தத்துக்குள் எண்ணுவது கஷ்டம்.
பழகிவிட்டது.

நூற்று எண்பத்தொரு நாள் இருக்கலாம்.
அதற்கு மேல் ஒரே ஒரு நாள் இருந்தாலும்
மொத்த வருஷச் சம்பாத்தியத்துக்கும் இங்கே கணக்கு.
வந்த தேதியும் ஒரு நாள், போன தேதியும் ஒரு நாள்.
எங்கள் ஆபீஸில் அப்படித்தான் எண்ணுவோம்.

முன்பு ஐயர் பங்களா வீட்டு மாடியறையில் உட்கார்ந்து
ஹாலந்துக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்தார்.
இப்போது ஷார்ஜாவில் ஓர் அறையில் உட்கார்ந்து
அதே கம்பெனிக்கு.
லேப்டாப் அதே. இன்வாய்ஸ் அதே.
நாற்காலி மட்டும் கடல் தாண்டியிருக்கிறது.
அந்த நாற்காலிக்கு வருஷம் எத்தனை லட்சம் என்று
எனக்குத் தெரியும். சொல்லக்கூடாது.

நவம்பரில் ஒரு தடவை
பன்னிரண்டு பத்துக்கு இறங்க வேண்டிய விமானத்தைக்
காற்று பின்னாலிருந்து தள்ளிவிட்டிருக்கிறது.
பாஸ்போர்ட்டில் முத்திரை விழும்போது
பதினொன்று ஐம்பத்தொன்று.
பெட்டி வருவதற்குள் எனக்குப் போன்:
"அமலா, ஒன்பது நிமிஷம்மா. ஒரு நாள் போச்சு."
தூக்கக் கலக்கத்தில்
"சீக்கிரம் வந்துட்டீங்களா, நல்லது சார்" என்றுவிட்டேன்.

பிப்ரவரியில் அவர் மனைவி பவளக்கொடி
வீட்டுவரி ரசீதோடு படியேறி வந்தாள்.
"லீப் வருஷமாச்சே சார்,
ஒரு நாள் கூடக் கெடைக்குமா?"
ஆடிட்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"சட்டத்துக்கு லீப் கிடையாதும்மா."
அந்த இருபத்தொன்பதாம் தேதி
ஷார்ஜா பக்கம் போய் விழுந்தது.
பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மூடினாள்.
"சும்மாதான் கேட்டேன்."

மார்ச் இருபத்தாறு. நூற்று எண்பத்தொன்று.
பன்னிரண்டே முக்காலுக்கு விமானம்.
அதை விட்டால் நாளைக்குத்தான்.
நாளைக்கு என்றால் நூற்று எண்பத்திரண்டு.
பத்தேகாலுக்குப் போன்.
குடிதண்ணிக் குழாய்க்கு ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காய்ங்க,
ஆட்டோ முன்னாடியும் போகல பின்னாடியும் போகல.
ஜேசிபிக்கு மேலே கத்துகிறார்:
"நாம கட்டுற வரிப்பணத்த
என்னதான்மா செய்றாய்ங்க?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவரும் சொல்லவில்லை.
ஜேசிபி மட்டும் பேசியது.
அப்புறம் அவர்தான் முதலில் சிரித்தார்.

பெட்டியைத் தலையில் வைத்துப் பள்ளத்துக்குள் இறங்கி
அந்தப் பக்கம் ஏறி வேறு ஆட்டோ.
குழிக்குள் நின்ற ஆள் கைகொடுத்துத் தூக்கிவிட்டானாம்.
"சேறு பூட்ஸ் எல்லாம்" என்று ஒரு செய்தி,
பின்னாலேயே போர்டிங் பாஸ் படம்.
கட்டத்தில் மஞ்சள் அடித்து
ஃபைலை மூடினேன்.

சாயந்திரம் கீழே இறங்கி
சித்தி மகள் கல்யாணத்துக்குத் தூக்குச்சட்டி ஒன்று வாங்கினேன்.
பில்லில் மத்திக்கு ஆறு சதவீதம், மாநிலத்துக்கு ஆறு.
என் சம்பளத்துக்கு வருமான வரி வராது.
தூக்குச்சட்டிக்கு வரும்.
"பேர் வெட்டணுமாக்கா?"
அமலா என்றேன்.
"ஊர் போடணுமா? எழுத்துக்கு ரெண்டு ரூபா."

யோசித்தேன்.
மூன்றெழுத்துதான்.
"போடு."
பையன் சட்டியைச் சாய்த்துப் பிடித்தான்.
மெஷின் புள்ளி வைக்கத் தொடங்கியது.
எண்ணாமல் நின்றேன்.