காற்றின் கண்

கொட்டகையில் லோரியைக் கண்டபோது
விடிந்துவிட்டிருந்தது.
"நாலரை மணி நேரம்தான் அந்த விண்டோ.
மூடிவிட்டது" என்றார் டாக்டர்,
எடின்பரோவிலிருந்து வந்த இளைஞர்,
ஷூவில் இன்னும் ஈரம்.

ஆஸ்லா திரும்பி ஜன்னலைப் பார்த்தாள்.
திறந்துதான் இருந்தது, நான்கு விரல் அளவு.
அதற்குமேல் விடாது ஒரு திருகாணி.

லெர்விக்கில் பாதிக் கண்ணாடி லோரி பதித்தவை.
இதுவும்தான். மூலைப் புட்டியில்
அவன் கட்டைவிரல் ரேகை.

வடக்கிலிருந்து படகேறி வந்தவர்கள்
இறக்கிவிட்டுப் போன சொல் அது:
காற்றின் கண்.
அப்போது கண்ணாடி ஏது? கூரையில் ஒரு துளை.
புகை போகும், பனி வரும்.
பிறகு கண்ணாடி வந்தது; காற்று வெளியே நின்றது.
சொல்லுக்குள் மட்டும்
யாரும் கவனிக்காமல் வீசிக்கொண்டிருந்தது.

நமக்கும் காலதர் என்றொன்று இருந்தது,
காற்று நடக்கும் வழி.
அதை மறந்துதான்
போர்த்துக்கீசியனிடம் ஜன்னல் வாங்கினோம்.

இங்கே அதை எதற்கெல்லாமோ பிடித்துக்கொண்டார்கள்.
ராக்கெட் கிளம்ப, விசா கேட்க,
மூளையில் உறைந்த ரத்தம் கரைக்க.
சட்டமில்லை, கீலில்லை.
மூடும்போது சத்தமும் இல்லை.

நாற்காலியில் கிடந்த அவன் கோட்டிலிருந்து
ஆஸ்லா திருப்புளியை எடுத்தாள்.
நர்ஸ் பார்த்துவிட்டு
சார்ட்டில் எதையோ எழுதத் தொடங்கினாள்.

திருகாணி தரையில் உருண்டது.
உப்பு, டீசல், கடற்பறவைகளின் சண்டை,
எல்லாம் உள்ளே.

லோரியின் இடது கண்ணில் நீர் கோத்தது.
"காத்துக்கு அப்படித்தான்" என்றாள் நர்ஸ்.

ஆஸ்லா திருப்புளியை அவன் உள்ளங்கையில் வைத்து
விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.
இரண்டு நின்றன.