இரண்டாம் நாள், பொன்னம்மாபேட்டை கேட்

நேற்று இறுக்கினார்கள்.
நேற்றே வலித்திருந்தால் புரிந்திருக்கும்.
இது ஒரு நாள் தள்ளி வருகிறது,
தறிப்பட்டறை வாரக்கூலி மாதிரி.

காலையில் இட்லியை
நாக்கால் அண்ணத்தில் நசுக்கி விழுங்கினேன்.
பிறகு மாத்திரை.
வெறும் வயிற்றில் போடாதே என்றிருந்தார்
டாக்டர் பர்ஹானா.
அரை இட்லி எந்தக் கணக்கில் வரும் என்று
கேட்காமல் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ரயில்வே கேட் மூடும்.
மூடினால்தான் எனக்கு வியாபாரம்.
வண்டியை அணைக்காமல்
இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள்,
பிறகு அணைத்துவிட்டு வருவார்கள்:
ஒரு செட்டு போடுங்க, காரம் தூக்கலா.

தட்டுவடை, சட்னி, பீட்ரூட், கேரட், வெங்காயம்,
மேலே இன்னொரு தட்டுவடை.
என் வேலை அதோடு முடிந்தது.
மிச்சத்தை அவரவர் பல் பார்த்துக்கொள்ளும்.

மொறுக்.

பதினொரு வருடமாக
அது எனக்குக் காசு விழும் சத்தம்.
இன்று யாரோ கடிக்கிறார்,
என் கீழ்வரிசை கூசுகிறது.
ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக
என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது.

முப்பத்து நாலு வயசுல எதுக்கும்மா கிளிப்பு,
என்கிறார் பால்காரர்.
கல்யாணப் போட்டோக்காரர்
லேசா சிரிங்க என்றார் ஒருமுறை.
லேசாகச் சிரிக்க என் பல்லுக்குத் தெரியாது.
சிரித்தால் மொத்தமும்
வாசலுக்கு வந்து நிற்கும்.
இதைப் பால்காரரிடம் சொல்ல முடியுமா?
சட்னி போதுமா என்று கேட்டேன்.

சீட்டெடுத்த பணத்தை
வீட்டில் சொல்லவில்லை.
கம்பியைப் பார்த்த அன்று லோகிதாசன்
வலிக்குதா என்று மட்டும் கேட்டார்.
எவ்வளவு ஆச்சு என்று கேட்க
மூன்று நாள் எடுத்துக்கொண்டார்.

எதிர் மெடிக்கலில் திலீபன்
வேறொரு அட்டையைக் காட்டுகிறான்.
இதப் போடுங்கக்கா, பத்தே நிமிஷம், பறந்துடும்.
எனக்கு டாக்டர் சொன்னது நினைவிருக்கிறது:
பல் நகர உள்ளே கொஞ்சம் வீக்கம் வேணும்.
வீக்கத்தை அடக்குற மாத்திரைய
நாள்கணக்கா போட்டா
பல்லு சோம்பேறி ஆயிடும்னு சொல்றாங்க.
காய்ச்சலுக்குப் போடுவீங்களே, அது போதும்.
ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு. ரெண்டு நாள்.

காய்ச்சல் மாத்திரையே கொடு என்றேன்.
லாபம் போச்சே அக்கா என்று
கத்தரியால் ஒன்றே ஒன்றை வெட்டித் தந்தான்.
பதினெட்டு மாதத் தவணையில்
வலி வாங்கிய ஆள்
இந்த கேட்டுப் பக்கம் நான் ஒருத்திதான் இருப்பேன்.

எட்டரைக்குப் போட வேண்டியது.
கல்லாப்பெட்டியில் போட்டு வைத்தேன்.

பள்ளிச் சீருடையில் ஒரு பெண்,
அப்பாவின் வண்டியிலிருந்து இறங்கி வந்தாள்.
வாய் திறந்தாள். கம்பி.
நான் விலை சொன்னேன். கம்பி.
ரெண்டாம் நாளா அக்கா?
எப்படித் தெரியும்?
தாடையப் புடிச்சிருக்கீங்களே.
நொறுக்கலா உடைச்சு சட்னியில
ஊறப் போட்டுருங்க, கரண்டியால சாப்பிடலாம்.
நாளான்னிக்குக் காலையில எந்திரிச்சுத் தேடுவீங்க,
வலியக் காணோமேன்னு.
அவளுக்கு அப்படியே ஒரு தட்டு செய்து கொடுத்தேன்.
அப்பா செல்போனில் இருந்தார்.

ரயில் போனது.
கேட் ஏறும்போது எல்லோருக்கும் ஒரே அவசரம்.
இந்தா நாலு ரூபா, இந்தா ஒம்போது,
சில்லறையை அள்ளி அள்ளிக் கொடுத்தேன்.

கூட்டம் வடிந்த பிறகு
உடைந்த தட்டுவடைகளைக் கிண்ணத்தில் போட்டு
சட்னியைக் கரைத்து ஊற்றி
ஊறட்டும் என்று வைத்தேன்.
பதினொரு வருடத்தில்
என் கடைச் சரக்கு சத்தமில்லாமல்
கிடந்து பார்த்ததில்லை.

மணி எட்டு இருபத்தைந்து.
கல்லாவைக் கவிழ்த்தேன்.
ஐந்து ரூபாய்கள், இரண்டு ரூபாய்கள்,
ஒரு செல்லாத நோட்டு.
வண்டிக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

கேட்டுக்கு அந்தப் பக்கம்,
அம்மாபேட்டையோ மாசிநாயக்கன்பட்டியோ,
யாருடைய சட்டைப் பையிலோ
சில்லறையோடு சில்லறையாக
போய்க்கொண்டிருக்கிறது என் எட்டரை மணி.