ஜோனா நகாமோ

மழை விட்ட மாலையில்
லிம்பே அலுவலகத்தை மூடினோம்.
நாற்காலி ஆறு, இரும்பு அலமாரி ஒன்று,
மை உலர்ந்த ஃபேக்ஸ் மெஷின் ஒன்று
என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.
ஓர் அட்டைப்பெட்டியை மட்டும்
பட்டியலில் சேர்க்காமல் வீட்டுக்குத் தூக்கிவந்தேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு அஞ்சலட்டைகள்.
பனி மூடிய தேவாலயம், கொம்பு கிளைத்த பனிமான்,
சிவப்பு மரவீடுகள் தோளுரசி நிற்கும் துறைமுகம்.
எல்லாவற்றின் முதுகிலும் ஒரே பெயர்:
ஜோனா நகாமோ.

அப்படி ஒருவர் மலாவியில் எங்கும் இல்லை.
என் கணவர் பெயர் யொத்தாமு நக்கோமா.
லுசாகாவிலிருந்து நள்ளிரவில்
ஃபேக்ஸ் வழியே ஊர்ந்து வந்த துண்டறிக்கையை
உப்புப் பொட்டலத்துக்குள் மடித்துச் சந்தைக்குக் கொண்டுபோனவர்.
வாழ்நாள் அதிபரின் படம் மாட்டாமல்
விறகுக்கடைகூட வைக்க முடியாத காலம்.
கூட்டிப்போனவர்கள் காரணம் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

மங்கிய நகலில் யாரோ அவர் பெயரைப் படித்திருக்கிறார்.
எங்கோ ஒரு குமாஸ்தா அதைத் தட்டச்சு செய்திருக்கிறார்.
பெர்கன் என்கிற ஊரில்
பிரார்த்தனை முடிந்து காபி குடித்த பெண்கள்
ஆளுக்கு நாலு அட்டை எழுதியிருக்கிறார்கள்,
இல்லாத மனிதனை விடுதலை செய்யச் சொல்லி.

சிறை அதிகாரி கிழித்துப் போட்டிருப்பான்.
அவன் மகன் தபால்தலை சேர்க்கிறவன்.
ஒன்றுகூடத் தவறாமல் எல்லாம் உள்ளே வந்தன.
அந்தப் பெயரில் ஆளே இல்லை என்றான் முதல் வாரம்.
நாற்பதாவது அட்டை வந்த அன்று
எல்லோரையும் வெயிலில் நிறுத்திக் கேட்டான்:
எவனடா அது, அயல்தேசத்தில்
இத்தனை சொந்தம் வைத்திருக்கிறவன்?
"நான்தான்" என்றார் இவர்.
அன்றோடு அடி நின்றது.
ராத்திரிகளில் விலங்கைக் கழற்றினார்கள்.

பக்கத்தில் படுத்திருந்தவன் கெஸ்டன் முலோசா.
அவன் பெயர் எந்த அட்டையிலும் இல்லை,
தப்பாகக்கூட.
மார்ச் மாதம் ஒரு விடியலில்
போர்வையோடு சேர்த்துத் தூக்கிப்போனார்கள்.

முப்பது வருஷம் அரண்மனைக்குக் கொடுத்த கைகள்
ஒருநாள் மூடிக்கொண்டன.
நியாயம்தான்.
அந்த வாரம் மாவு விலை இரண்டு மடங்கு ஏறியதும்
நாங்கள் ஒருவேளைக் களியை விட்டதும்
அவர்கள் புள்ளிவிவரத்தில் வேறு பக்கத்தில் இருந்தது.

ஜூனில் வாக்கெடுப்பு:
ஒரு சீட்டில் கறுப்புச் சேவல், ஒன்றில் லாந்தர் விளக்கு.
கால்சட்டையோடு வந்திறங்கிய இங்கெபோர்க்கை
விமான நிலையத்திலேயே மறித்துவிட்டார்கள்.
என் சித்தெஞ்சேத் துணியைச் சுற்றிவிட்டேன்.
நழுவிவிடுமோ என்று ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி
விடியும்வரை லாந்தர்களை எண்ணினாள்.
எண்ணி முடித்து அழுதாள். நான் அழவில்லை,
எனக்குக் கால் வலித்தது.

அப்புறம் வந்தன படிவங்கள்.
மீட்கப்பட்ட உரிமைகள் எத்தனை, பயனடைந்தோர் எத்தனை பேர்.
கெஸ்டனை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டேன்.
இங்கெபோர்க் படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள்.
பின்பக்கம் வெறுமையாக இருந்தது.
"இங்கே எழுது" என்றாள்.
எழுதினேன். அந்தப் பக்கத்தை யாரும் நகலெடுக்கவில்லை.

இப்போது கடிதம் வந்திருக்கிறது:
உங்கள் நாடு தேறிவிட்டது,
நிதி இனி வேறு நாட்டுக்கு.
தேறிய நாட்டின் புது அமைச்சர்களில் இருவரை
அப்போதே தெரியும் யொத்தாமுவுக்கு,
சாவிக்கொத்தின் சத்தத்தை வைத்து.

சாப்பிட்டு முடித்துப் பெட்டியைப் பிரித்தோம்.
ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார்.
ஜோனா, தைரியமாக இரு.
ஜோனா, இங்கே பனி உருகுகிறது.
ஜோனா, உனக்குக் குழந்தைகள் உண்டா?
"உண்டு" என்றார் அட்டையைப் பார்த்து.

அடியில் எழுதாத அட்டை ஒன்று கிடந்தது,
இங்கெபோர்க் விட்டுப்போனது.
பேனாவைக் கேட்டு வாங்கி
கெஸ்டன் முலோசா என்று
எழுத்துக் கூட்டி, பிழையில்லாமல் எழுதினார்.
முகவரிக்கான கோடுகளுக்கு மேல்
பேனா வெகுநேரம் நின்றது.
தகரக் கூரையில் மழை மறுபடி பிடித்தது.
நான் எழுந்துபோய்
வெளியே காய்ந்த துணியை எடுத்தேன்.