இடது பக்கம் ஐந்து பவுண்டு அதிகம்

ட்ரெய்லரைப் பூட்டியதும்
என் பிக்கப் பின்பக்கமாய் உட்கார்ந்துவிடும்,
விருந்து முடிந்து சோபாவில் சரியும் மைத்துனன் மாதிரி.
மூக்கு மேலே.
முகப்பு விளக்குகள் சாலையைக் கைவிட்டு
மின்கம்பத்து உச்சியில் ஆந்தை தேடும்.

எதிரே வருகிறவர்கள் இரண்டு முறை சிமிட்டித் திட்டுவார்கள்:
விளக்கைத் தாழ்த்து.
தாழ்த்தித்தான் வைத்திருக்கிறேன், ஐயா.
இதற்குக் கீழே என்னிடம் வெளிச்சம் இல்லை.
ஜோர்டனிலிருந்து வின்னெட் வரை
எழுபது சொச்சம் மைலில் அன்று பதினோரு வண்டிகள்.
மொன்டானாவின் இந்த மூலையில் அது நெரிசல்.
பதினொன்றும் சிமிட்டின.

ஆகவே இரண்டு ரப்பர் பைகள் வாங்கினேன்,
அக்கார்டியன் துருத்தியை நறுக்கி
டப்பாவில் போட்டதுபோல் மடிப்பு மடிப்பாய்.
உதிரிபாகக் கடை தோர்வால்ட்
பில்லைக் கையில் தரும்போது சொன்னான்:
"லெனோரா, இது உன் வண்டிக்குப் பலம் கூட்டாது.
கதவோரத் தாளில் எவ்வளவு எடை போட்டிருக்கிறதோ
அவ்வளவுதான், ஒரு பவுண்டு கூடக் கிடையாது.
காற்று நிமிர்த்தும். அவ்வளவே."
சர்ச்சில் கூட அவன் இத்தனை பேசிக் கேட்டதில்லை.

சனிக்கிழமை. நவம்பர்க் குளிர் ஏறிய சிமெண்ட் தரை.
முதுகுக்கடியில் குளிர்பெட்டி வந்த அட்டை.
பட்டைவில்லுக்கு மேலிருந்த பழைய ரப்பர்க் கட்டையை நெம்பியதும்
பதினாறு வருடத்துச் சரளைத் தூசி
மொத்தமும் என் வாயில்.
யூ-போல்ட்டுகள் முனகிக்கொண்டே இறங்கின.
பைகளைச் சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவில் நிறுத்தி
சைலன்சர் சூட்டுக்கு எட்டாமல் குழாயைச் சுற்றிக் கொண்டுபோய்
நம்பர் பலகைக்கு இருபுறமும் இரண்டு வால்வு:
இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று.

காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிக் காத்திருந்தேன்.
வலது பக்கம் பேசவில்லை.
இடது மூட்டில் ஒரு குமிழி
மெல்ல எழுந்து, பெருத்து, உடைந்து,
மறுபடி எழுந்தது.
குழாயை நேராக வெட்டு என்று
தாளில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது.
நான் படம் மட்டும் பார்ப்பவள்;
சமையல் கத்தியால் சாய்த்து வெட்டியிருந்தேன்.
புது பிளேடு. நேர் வெட்டு.
குமிழி வரவில்லை.
ஐந்து நிமிடம் நம்பாமல் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

சுவரில் பென்சில் கணக்கு,
பின்சக்கர வளைவிலிருந்து தரைவரை:
வெறும் வண்டி முப்பத்தொன்பதரை அங்குலம்.
பூட்டிய பின் முப்பத்தாறு.
முப்பத்தைந்து பவுண்டு காற்றுக்குப் பின்
வலது முப்பத்தொன்பது.
இடது மட்டும் அரை அங்குலம் குறைவு.

காரணம் மேபல்.
முன்காலில் வீக்கம்; மாதம் ஒருமுறை பில்லிங்ஸ் மருத்துவர்.
வழியில் எந்த ஊர்த் தண்ணீரையும்
முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குதிரை.
எங்கள் கிணற்று இரும்பு வாடை இல்லாவிட்டால்
அவளுக்கு அது தண்ணீரே இல்லை.
அதனால் பிக்கப்பின் இடதோரம் முப்பது கேலன் டிரம்;
டீசல் டாங்க்கும் அந்தப் பக்கம்;
நானும் அந்தப் பக்கம்.
இடதுக்கு நாற்பது வைத்தேன்.

விடியாத நாலு மணி.
வெளிச்சம் சாலையில் கிடந்தது.
மஞ்சள் கோடு, உறைபனி,
யோசித்துவிட்டுத் திரும்பிப்போன ஒரு முயல்,
இத்தனை வருடம் இந்தச் சாலையில் இருந்தவை.
வின்னெட்டுக்கு முன்னால் ஒரு மாட்டு லாரி எதிரே வந்தது.
பழக்கத்தில் விரல் விளக்குக் குச்சிக்குப் போனது,
பதில் திட்டுக்குத் தயாராய்.
லாரி கடந்துபோனது.
சும்மா கடந்துபோனது.
விரலை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ரவுண்டப்பில் நிறுத்தி டிரம்மைத் திறந்தேன்.
மேபல் ஒரு வாளியை முடித்து
இன்னொன்றில் பாதி குடித்தாள்.
நான் பின்னால் போய்க் குனிந்து
இடது வால்வை நகத்தால் அழுத்தி
ஒரு பவுண்டு காற்றை வெளியே விட்டேன்.
தேவையில்லைதான்.